மோல்மீனில் ஒரு மரவீடு

பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனில் கையில் நாலு காசு சேர்ந்தால் மரவீட்டை இடித்துவிட்டு ஆர்சி வீடு, அதாவது கம்பி கட்டிய கான்கிரீட் வீடு, கட்டுகிறார்கள். எங்கள் தெருவிலேயே பாதிக்குமேல் மாறிவிட்டது. கட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கரையானோடும் மழையோடும் காலமெல்லாம் மல்லுக்கட்டியவர்கள், ஒருமுறை கான்கிரீட் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க நினைக்கிறார்கள். யாங்கூனில் இருக்கும் என் தம்பியும் போன் பண்ணும்போதெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "இடிச்சிடலாம்க்கா. பழைய மரத்தை வித்தாலே அஸ்திவாரச் செலவு வந்துடும்."

அவன் கணக்கு சரிதான். ஆனால் இடித்த மரத்துக்கு அவ்வளவு விலை கிடைக்கும் என்றால், அது இன்னும் நல்ல மரம் என்றுதானே அர்த்தம்? நல்ல மரத்தை விற்றுவிட்டு எதற்காகச் சிமெண்ட் வாங்க வேண்டும்?

வீடு ஒன்றும் பெரியதில்லை. இருபதடி அகலம், முப்பதடி நீளம். தாத்தா மூபுன் பக்கம் ஒரு மரமில்லில் வேலை பார்த்தவர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு 1950களில் கட்டியது. தரையிலிருந்து ஏழடி உயரத்தில் கால்கள்மேல் நிற்கும் வீடு. கால்கள் பிங்காடோ, உத்தரம், பலகை, சுவர் எல்லாம் தேக்கு. பிங்காடோ இரும்பு மாதிரியான மரம். காய்ந்த பிறகும் தண்ணீரில் போட்டால் மிதக்கத் தயங்கும், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். தேக்கில் இருக்கும் எண்ணெய்ச் சத்து கரையானுக்கு ஆகாது. இந்த இரண்டும் மலிவாகக் கிடைத்த காலத்தில் கட்டிய வீடு இது.

இந்த ஊரே மரத்தால் வளர்ந்த ஊர். 1827 முதல் 1852 வரை பிரிட்டிஷ்காரர்களுக்குப் பர்மாவின் தலைநகரம் இதுதான். மேலே காடுகளில் வெட்டிய தேக்கைத் தன்லுவின் ஆற்றில் மிதக்கவிட்டு இங்கே கொண்டுவந்து அறுத்துக் கப்பலேற்றினார்கள். செட்டியார்கள் பர்மாவில் முதலில் கடை வைத்த ஊர்களில் இதுவும் ஒன்று. காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் பெரிய வீடுகளின் தூண்களைத் தடவிப் பார்த்து "பர்மா தேக்கு" என்று வியப்பார்கள். அந்தத் தேக்கு பிறந்த நாட்டிலேயே இப்போது அதை இடித்து விற்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

சரி, பாசத்தை மட்டும் வைத்து வீடு நிற்காது. வீட்டை மாற்றியே ஆகவேண்டிய காரணம் அம்மாவின் முழங்கால். மாடி ஏற முடியவில்லை. இரவில் கழிப்பறைக்குப் போக மரப்படியில் இறங்கி, கொல்லைப்புறம் வரை நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் படி வழுக்கும். "எனக்குக் கீழே ஒரு ரூமும் பக்கத்துலயே பாத்ரூமும் இருந்தாப் போதும்மா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். அம்மா எதையும் வேண்டும் என்று கேட்பவரில்லை. அவர் கேட்டதுமே வேலையைத் தொடங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தச்சு வேலைக்கு மோன் இனத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். தச்சர்களை இங்கே சயா என்றுதான் கூப்பிடுவோம், வாத்தியாரைக் கூப்பிடுவது மாதிரி. வந்தவர் மேலே ஏறவேயில்லை. வீட்டுக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல கால் 'டங்' என்றது. சில கால்கள் 'தொப்' என்றன. தட்டி முடித்ததும் கரித்துண்டால் ஐந்து கால்களில் கோடு போட்டார். "மேலே இருக்கறது நூறு வருஷம் தாங்கும், தமீ. கீழே ரெண்டடிதான் போச்சு" என்றார். தமீ என்றால் மகளே.

மரவீடு வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு முழுவதும் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. மண்ணைத் தொடும் இடமும், மழை நின்று ஊறும் இடமும்தான் முதலில் போகும். மோல்மீனில் வருடத்துக்கு ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல மூன்று பங்குக்கு மேல், அதுவும் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். இவ்வளவு மழையில் மரத்தைக் காப்பாற்றுவது ஈரம் படாமல் தடுப்பதில் இல்லை. பட்ட ஈரம் சீக்கிரம் காய்வதில்தான் இருக்கிறது. வீட்டைக் கால்மேல் தூக்கிக் கட்டியது வெள்ளத்துக்கும் பாம்புக்கும் பயந்து மட்டுமில்லை. அடியில் காற்று ஓட வேண்டும், பலகை இரண்டு பக்கமும் காய வேண்டும். பழைய ஆட்கள் பலகைகளுக்கு நடுவே மெல்லிய இடுக்கு விட்டதும், கூரையை மூன்றடி வெளியே நீட்டியதும் அதற்காகத்தான்.

இதை மறந்துவிட்டு நவீனம் என்ற பெயரில் மரவீட்டைச் சிமெண்டால் மூடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கொடுமை. கீழ்த்தளத்தில் செங்கல் சுவர் எழுப்பும்போது மரக்காலைச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிவிடுகிறார்கள். பார்க்க அழகாக, நேராக இருக்கும். ஆனால் செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியாது. கால் உள்ளே உளுத்து, ஒருநாள் மேல்தளம் ஒரு பக்கமாக இறங்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்புறம் "மரவீடே இப்படித்தான், இடிச்சிட்டு ஆர்சி போடு" என்பார்கள். கெட்ட பெயர் மரத்துக்கு.

வேலையைத் தீபாவளி கழிந்து தொடங்கினோம். 2024 கடைசி. மழை முற்றிலும் ஓய்ந்து, ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் வருவதற்குள் பெரிய வேலைகளை முடித்துவிட வேண்டும். திஞ்ஞானுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. நம் சித்திரை வருடப்பிறப்பும் அதே நாட்களில்தான் வரும்.

வீட்டைத் தூக்கிய நாளை என்னால் மறக்க முடியாது. திருகு ஜாக்கிகளை அடி உத்தரத்துக்குக் கீழே பலகை அடுக்கி நிறுத்தினார்கள். சயா நடுவில் நின்று குரல் கொடுப்பார். ஜாக்கிக்கு ஒருவராக எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருக வேண்டும். ஒரு மூலை முந்திவிட்டால் மூட்டுகள் கழன்றுவிடும். திருகும்போதெல்லாம் வீடு முனகியது. அம்மா முருகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு அங்குலம்கூட ஏறியிருக்காது. மேலே நடு அறைக் கதவு, நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் தொட்டு இழுத்துத்தான் சாத்துவோம், அது தானாகவே திறந்து மெதுவாகச் சுவரோடு போய் நின்றது. கீழே நின்ற எங்களுக்கு அந்தக் கீல் சத்தம் கேட்டது. சயா அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். நிலை நேராகிவிட்டது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

உளுத்துப்போன காலை அறுத்தபோது உள்ளே கைவிட்டு அள்ளும் அளவுக்குப் பொடி. வெளியே அரை அங்குலம் மட்டும் உறுதியாக நின்றிருந்தது. அந்த ஐந்து கால்களின் அடிப்பகுதியையும் வெட்டிவிட்டு, இடித்த வீடுகளின் மரம் விற்கிற இடத்தில் வாங்கிய பழைய பிங்காடோவை ஒட்டுப்போட்டார்கள். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் பாதிப் பாதி செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, குறுக்கே போல்ட் போட்டு முடுக்குவது. ஆணி அடித்தால் இந்த மூட்டு நிற்காது, போல்ட்தான் வேண்டும். பழைய மரத்தையே வாங்கச் சொன்னதும் சயாதான். புது மரம் ஈரமாக வரும், ஒட்டுப்போட்ட பிறகு சுருங்கி மூட்டு தளரும். பல வருடம் வெயிலும் மழையும் பார்த்துக் காய்ந்த மரம் இனி அசையாது.

இனி எந்தக் காலும் மண்ணைத் தொடாது. ஒவ்வொன்றுக்கும் கீழே தரைக்கு மேல் ஒன்றரையடி உயரத்தில் கான்கிரீட் கட்டை. கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் தார் அட்டை, அதன்மேல் ஓரம் கீழ்நோக்கி வளைந்த தகரத் தொப்பி. கரையான் ஏறாமல் அந்தத் தொப்பி முழுசாகத் தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஏற வேண்டுமென்றால் தகரத்தைச் சுற்றி வெளியே மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். கட்டினால் நம் கண்ணில் படும், தட்டிவிடலாம். மாதம் ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் ஒரு சுற்று வந்தால் போதும்.

கீழ்த்தளத்தை அடைப்பதில்தான் எனக்கு மனம் ஒப்பாமல் இருந்தது. அந்த இடம் எங்களுக்கு வெறும் விறகு அடுக்கும் இடமில்லை. 1965இல் தனியார் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் ஆட்கள் தமிழைக் கோயில்களிலும் வீடுகளிலும்தான் காப்பாற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் விரித்து வகுப்பு நடக்கும். அத்தைதான் டீச்சர். தாத்தா அறுத்துக்கொடுத்த தேக்குப் பலகைக்குக் கருப்பு பூசி, அதுதான் கரும்பலகை. நான் அ ஆ எழுதியது அங்கேதான். இன்றைக்கு இதைத் தமிழில் எழுதுவதும் அந்த வகுப்பால்தான். 1964க்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறிவிட்டன. மிஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நிழல் பள்ளிக்கூடமாக இருந்தது.

அதனால் முழுவதும் அடைக்கவில்லை. பின்பக்கம் பன்னிரண்டடி மட்டும் அம்மாவுக்கு அறை. முன்பக்கம் பழையபடியே திறந்திருக்கிறது.

அறைச் சுவரைத் தளம் வரை செங்கல்லிலேயே எழுப்புவதாகத்தான் முதலில் பேச்சு. சுவர் ஏறத் தொடங்கிய நேரத்தில், 2025 மார்ச் 28 அன்று, மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம். பாங்காக் வரை ஆட்டியது. எங்களுக்குச் சேதமில்லை, ஆனால் அங்கிருந்து வந்த படங்களைப் பார்த்து ஊரே உறைந்துபோயிருந்தது. செங்கல் சுவர்கள் அப்படியே சரிந்து கிடந்தன. தம்பி அன்றிரவு போன் பண்ணினான். அதன்பிறகு இடிக்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை. முறையாகக் கம்பி கட்டி, நல்ல கலவை போட்டுக் கட்டிய ஆர்சி வீடு நிலநடுக்கத்தைத் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் சிறிய ஊர்களில் கட்டுகிற எல்லாவற்றிலும் அந்தக் கம்பி இருக்கிறதா, கலவை இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? மரவீடு எடை குறைவு, மூட்டுகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அந்த வீட்டுக்கு அடியில் பிடிப்பில்லாத கனமான சுவரை நிறுத்தினால், இருக்கிற நன்மையையும் கெடுத்த மாதிரி ஆகும். சுவரை மூன்றடியோடு நிறுத்தச் சொன்னேன். அதற்கு மேல் மரச்சட்டமும் பலகையும், காற்றுக்குச் சாய்சட்ட ஜன்னலும். சுவரும் காலைத் தொடாது. இரண்டு அங்குலம் தள்ளித்தான் நிற்கிறது. டார்ச் வெளிச்சம் அந்த இடுக்கில் போய்வர முடிய வேண்டும், அதுதான் அளவு.

தரைக்கு மண்ணை இடித்து, கல் பரப்பி, அதன்மேல் கனமான பிளாஸ்டிக் தாள் விரித்த பிறகே கான்கிரீட். இந்தத் தாள் மலிவான பொருள், ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மழைக்காலம் முழுக்கத் தரை வியர்த்துக்கொண்டே இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அது ஆகாது.

பாத்ரூம் அம்மா அறையை ஒட்டிப் பின்னால், தரைமட்டத்தில், தனிச் செங்கல் கட்டடமாக. மாடியிலேயே பலகைமேல் டைல்ஸ் ஒட்டி பாத்ரூம் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யவே கூடாது. பலகை வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும்; டைல்ஸ் விரிசல் விடும், அந்த விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் நேரே உத்தரத்துக்குப் போகும். தண்ணீர்ப் புழக்கத்தை மரத்திலிருந்து பிரித்து வைப்பதுதான் சரி. கழிவுத் தொட்டி மூன்று அறை வைத்துக் கட்டினோம், கிணற்றிலிருந்து ஐம்பதடிக்கு மேல் தள்ளி. கதவை அகலமாக, வாசல்படி இல்லாமல், சுவரில் கைப்பிடிக் கம்பியோடு வைத்தோம். நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும்.

கூரையைக் கால் நேரானதும் உடனே பிரித்துவிட்டோம். முதலில் கூரை, அப்புறம் கால் என்று செய்தால், வீட்டைத் தூக்கும்போது திருகின இடமெல்லாம் இழுபட்டு ஓட்டை பெரிதாகும். பழைய தகரம் கனமானது. துரு பிடித்த தகடுகளையும் சயா தட்டிப் பார்த்துச் சிலவற்றை விறகுக் கொட்டகைக்கு எடுத்து வைத்தார். இப்போது கடையில் கிடைக்கும் வண்ணத் தகட்டில் பெரும்பாலும் மெல்லியதைத்தான் காட்டுவார்கள். தடிமன் கேட்டு, விளிம்பை விரலால் வளைத்துப் பார்த்து வாங்க வேண்டும். திருகாணி அலையின் மேட்டில் வரவேண்டும். பள்ளத்தில் தண்ணீர் ஓடும், அங்கே ஓட்டை போட்டால் ஒழுகாமல் என்ன செய்யும்? நர்கிஸ் புயல் 2008 மே மாதம் ஐராவதி டெல்டாவையும் யாங்கூனையும் சூறையாடியபோது, கூரை பறந்த வீடுகளைத் தம்பி நேரில் பார்த்தவன். ஓரத் தகடுகளுக்கு இரண்டு மடங்கு திருகாணி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். காற்று பிடுங்கத் தொடங்குவது ஓரத்திலிருந்துதான் என்பதால் அவன் சொன்னதுபோலவே செய்தோம். வெயிலுக்கும் மழைச் சத்தத்துக்கும் தகட்டுக்குக் கீழே வெள்ளிப்பூச்சு நுரை விரிப்பு. முகட்டில் சூடான காற்று வெளியேற இடைவெளி. நீட்டிய கூரையைக் குறைத்தால் பார்க்க நவீனமாக இருக்கும் என்று சொன்னார்கள். ஒரு அங்குலம் குறைக்கவில்லை.

எனக்கு மிகவும் பயமாக இருந்தது கரன்ட். தேக்கு வீட்டில் கரையானைவிட நெருப்புதான் பெரிய எதிரி, கோடைக்காலத்தில் ஒரு வீடு பிடித்தால் தெருவே போகும். எங்கள் வீட்டில் மரச்சட்டத்துக்குள் ஓடிய பழைய வயர். மேலுறை தொட்டாலே உதிர்ந்தது. அதன் தலையில் ஃபிரிட்ஜ், மோட்டார், ரைஸ் குக்கர் என்று ஒவ்வொன்றாக ஏற்றியிருந்தோம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, குழாய்க்குள் புது வயர், விளக்குக்கு ஒன்றரை, பிளக்குக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு. தனித்தனி பிரேக்கர், கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே வெட்டிவிடும் பிரேக்கர், மண்ணில் எர்த் கம்பி. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கரன்ட் வருவதும் போவதும் அவர்கள் இஷ்டம் என்பதால் கூரையில் சோலார் தகடும் வைத்தோம். பேட்டரி ஈயம் வேண்டாம் என்று லித்தியம் வாங்கினேன். விலை கூட, ஆனால் ஈயத்தைப் பாதிக்குமேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், இதை முக்கால் பங்குக்கு மேல் தைரியமாக எடுக்கலாம். தினமும் கரன்ட் போகிற ஊரில் அதுதான் கணக்கு. பேட்டரியும் இன்வெர்ட்டரும் கீழே செங்கல் சுவரில். மரத்தில் எதையும் மாட்டவில்லை.

கடைசியாக, மரத்துக்குப் பூசும் எண்ணெய். பர்மாவில் மரவீடுகளும் பழைய மடாலயங்களும் கறுப்பாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெயின்ட் இல்லை, மண்ணெண்ணெய் பிரிக்காத கச்சா எண்ணெய். பர்மாவின் எண்ணெய் ஊரான யெனான்ஜௌங்கில் வெள்ளைக்காரன் கம்பெனி வருவதற்கு முன்பே கையால் கிணறு தோண்டி எடுத்த எண்ணெய். பெயின்ட் மரத்தின்மேல் தோல் மாதிரி உட்காரும். அடியில் ஈரம் புகுந்தால் உரியும். இது மரத்துக்குள் இறங்கிவிடும். கரையானும் வராது, தண்ணீரும் நிற்காது, காற்றும் அடைபடாது. கிடைப்பது குறைந்துவிட்டதால் சிலர் பழைய என்ஜின் ஆயிலைப் பூசுகிறார்கள். அதில் இல்லாத அழுக்கில்லை, வீட்டில் மனிதர் குடியிருக்க வேண்டாமா? நாங்கள் தேடிப்பிடித்து வாங்கி, வெளிப்பக்கம் மட்டும், மரம் நன்றாகக் காய்ந்த மார்ச் வெயிலில் துணியால் தேய்த்தோம். நாற்றம் பல வாரம் போகவில்லை. பூசிய சில நாட்கள் அந்தப் பக்கம் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கிடையாது. உள்ளே மரத்தை அப்படியே தேய்த்துக் கழுவி விட்டோம். தாத்தா இழைப்புளி ஓட்டிய கோடுகள் சில பலகைகளில் இன்னும் தெரிகின்றன.

மொத்தச் செலவு, தம்பி ஆர்சி வீட்டுக்குப் போட்ட கணக்கில் பாதிக்கும் கீழே. அதில் பெரும்பங்கு காலுக்கும் கூரைக்கும் வயருக்கும்தான் போனது, அதாவது வருகிறவர் கண்ணில் படாத இடங்களுக்கு. அடுப்படியை இன்னும் தொடவில்லை. காஸும் கரியும் இரண்டுமே வேண்டியிருக்கிறது. மச்சுப் படியையும் மாற்ற வேண்டும், செங்குத்தாக இருக்கிறது. அடுத்த மழை ஓய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சயா சொல்லியிருக்கிறார். அம்மா இப்போது முன்பக்கம் திறந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு ஞாயிற்றுக்கிழமை எழுத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். மே கடைசியில் மழை தொடங்குவதற்குள் அங்கே ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் போட்டுவிட வேண்டும்.